மீன்களுக்கு எழுதிய மருந்துச் சீட்டு

அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயில் இருந்த தண்ணீருக்கு நிறமே இல்லை. தொட்டியிலிருந்து கொஞ்சம் கடல்நீர் எடுத்து, சில சொட்டு மருந்து விட்டு, மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். பாசிக்குச் சத்தாகும் பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும், ஏறவில்லை. குழாயை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "பூஜ்யம், டாக்டர்" என்றேன். நூறு மார்க் வாங்கிய தாளை அப்பாவிடம் நீட்டும்போது இருந்த குரல்தான் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் நுண்ணுயிரியல் படித்து முடித்து, ஸ்கூட்டரில் வாளியும் குழாயும் கட்டிக்கொண்டு, கடல் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் தொழிலை நானே தொடங்கினேன். எனக்கென்று கிடைத்த முதல் தொட்டி அந்தக் கிளினிக்கில்தான். அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, இன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று நான் காட்டிய பூஜ்யத்தால் பேர் கெட்டது இன்னொருவருக்கு. கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்த அக்காவுக்கு.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பிளஸ் டூ வரை படித்தவர். பல்வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்க வைப்பதுதான் அவருடைய வேலை; அதைச் சண்டை வராமல் செய்ய இந்த ஊரில் வேறு யாராலும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற இடங்களில் சொல்வதுபோல "இதோ அஞ்சே நிமிஷம்" என்று அவர் சொல்லவே மாட்டார். "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு. ஒருத்தருக்குப் பல்லு புடுங்கணும், நேரமாவும். வேணும்னா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துடுங்க" என்பார். உண்மையைச் சொன்னதாலேயே யாரும் எழுந்து போகமாட்டார்கள். டாக்டரின் மகள் ஆசையாக வைத்துவிட்டுப் பிரான்ஸ் போய்விட்ட அந்த நாலடித் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் சில பவளங்களும் இருந்தன. அவற்றுக்குத் தீனி போடுவதும் அக்காதான். உறைந்த இறால் கட்டியில் பாதியை உடைத்துச் சின்னக் கிண்ணத்தில் கரைய வைத்து, கிளினிக்கில் கழித்துப்போட்ட ஓர் இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக நீட்டுவார். காத்திருக்கும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

அந்தத் தொட்டியில்தான் பழுப்பு நிறக் கோழை படர்ந்தது. வேறு வார்த்தை இல்லை, கோழைதான். மணல்மேலும் பவளத்தின்மேலும் இழை இழையாகத் தொங்கும். இழை நுனிகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும். காலையில் குறைந்தது போலத் தெரியும், விளக்கு எரிந்து பிற்பகல் ஆனதும் மறுபடி மூடிக்கொள்ளும். கண்ணாடியை மேய்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து செத்தன. டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். "ரெண்டு மாசம் பாக்கறேன்மா. இல்லன்னா மீனை யாருக்காவது குடுத்துட்டு அங்க சோபா போட்டுடறேன்" என்றார். பயத்தில் நான் செய்ததுதான் அந்தக் குழாய்க் காட்சி. என் தண்ணீர் சுத்தம், அதற்குச் சாட்சி இந்தப் பூஜ்யம். அப்படியானால் கோழைக்குக் காரணம் மிச்சம் விழும் தீனிதான் என்றேன். எவ்வளவு போடுகிறீர்கள் என்று நான் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் அப்படியே திரும்பினார். "கொட்டிக் கொட்டி சாக்கடையாக்கி வச்சிருக்கியே! நாளையிலேருந்து நீ இதுல கை வைக்காத." இறால் டப்பாவை எடுத்துத் தன் அறைக்குள் இருந்த ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டார். அப்போது மூன்று பேர் காத்திருந்தார்கள்: பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பெரிய மார்க்கெட்டில் காய் விற்கும் ஓர் அம்மா, ஒரு பள்ளிக்கூட டீச்சர். அக்கா எப்போதும் கூப்பிடும் அதே குரலில் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார். ஆனால் அதுவரை "கண்ணு" என்று அழைத்த என்னை, அன்று வாசலில், "வண்டி எடுக்க வழி இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

அதன் பிறகு தீனி டாக்டருக்கு ஞாபகம் வந்தால்தான். நானோ இன்னும் அதிகமாகச் சுத்தம் செய்தேன். வாரத்துக்கு இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், பாஸ்பேட்டை உறிஞ்சும் குருணையை இரட்டிப்பாக்கினேன். கோழை இன்னும் தடித்தது. கடைசியில் ஒரு பாட்டிலில் கொஞ்சம் கோழையை எடுத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போய், நான் படித்த ஆய்வுக்கூடத்தில் கெஞ்சி, நுண்ணோக்கியில் பார்த்தேன். எள் வடிவத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள். ஒவ்வொன்றும் தன் கூர்நுனியை எதிலோ ஊன்றிக்கொண்டு, கயிற்றில் கட்டிய கன்றுபோல அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் ஒருசெல் பாசி. மற்ற பாசிகள் சத்து மிகுந்தால் வளரும். இது பெரும்பாலும் சத்தே இல்லாத தண்ணீரில் தலையெடுக்கும். போட்டிக்கு இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் பட்டினியில் செத்துவிட, அந்த இடத்தை இது பிடித்துக்கொள்ளும். எங்கள் வீடு இருக்கும் மூலக்குளத்தில் வீடு கட்டாமல் துடைத்துப் போட்ட மனைகளில் முதலில் ஏறுவது கருவேலம் அல்லவா, அதைப்போல. அந்த மனையைத் துடைத்து வைத்தவள் நான். நூறு மார்க் என்று நான் தூக்கிக் காட்டிய பூஜ்யம்தான் நோய்.

மறுநாள் கிளினிக் திறக்கும் நேரத்துக்கே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் நாட்குறிப்பைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். டாக்டர் தடுத்த நாள்வரை ஒவ்வொரு தேதியின் ஓரத்திலும் "அரை" என்று பென்சிலால் எழுதியிருந்தது. ஒரு நாள்கூட முழுக்கட்டி இல்லை. "அக்கா, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது மேடம்? என்னைத் திட்டுனப்ப மூணு பேரு உக்காந்திருந்தாங்க. அந்த மார்க்கெட் அம்மா அதுக்கப்புறம் என்னைப் பாக்கறப்பல்லாம் மீனைப் பத்திக் கேட்டுச் சிரிக்குது." நாட்குறிப்பை மறுபடி புரட்டினார். "மூணு பேருக்கும் வேர் வைத்தியம் நடக்குது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மூணு பேரையும் ஒண்ணா வரச் சொல்றேன். நீங்களும் வந்துடுங்க."

அதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. படிப்புதான் என் கையில் இருந்த ஒரே பொருள். அதை நானே நாலு பேர் முன்னால் கீழே வைக்க வேண்டும். தொட்டி போனால் என் தொழிலும் தொடங்கிய இடத்திலேயே முடியும். வெள்ளிக்கிழமை டாக்டர் கையுறையோடு வெளியே எட்டிப் பார்த்தபோது எழுந்து நின்றேன். "டாக்டர், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அக்கா போட்ட தீனி காரணமில்ல. நான்தான் தண்ணியை அளவுக்கு மேல சுத்தம் பண்ணிட்டேன். அதுல வந்த வியாதி இது."

மார்க்கெட் அம்மா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "சுத்தம் பண்ணா வியாதி வருதாமே! டாக்டரு, அப்ப நான் பல்லு வெளக்கறத விட்டுடவா?" என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?"

"தண்ணி மாத்தறத நிறுத்தணும். தீனியைக் கூட்டணும். மூணு நாள் தொட்டியை இருட்டுல வைக்கணும்."

பெரியவர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். "பாவம், இந்தப் பொண்ணத்தான அன்னிக்கு அந்தப் பேச்சு பேசினீங்க, தொக்தேர்?" என்று டாக்டரைப் பிரெஞ்சில் அழைத்துக் கேட்டார். டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் இறால் டப்பாவை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"எழுதிக் குடுங்க டாக்டர்."

"எதை?"

"தீனியைத்தான். எத்தனை வேளை, எத்தனை கட்டின்னு. நாளைக்கு வேற யாராவது குழாயைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அப்ப என் கையில ஒண்ணு இருக்கணும்."

குரலில் கோபம் துளியும் இல்லை. பல் பிடுங்க நேரமாகும் என்று சொல்வாரே, அதே குரல். டாக்டர் கையுறையைக் கழற்றி, மருந்துச் சீட்டு எழுதும் தாளை எடுத்து, காலை ஒரு கட்டி, மாலை ஒரு கட்டி, என்று எழுதி, தாளில் அச்சாகியிருந்த "உணவுக்குப் பின்" என்பதை மட்டும் அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். மேலே அக்காவின் பெயரை எழுதி, "இவர் பொறுப்பில்" என்று சேர்த்தார். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நாடா ஒட்டித் தொட்டியின் பக்கவாட்டில் வைத்தார். அதன் பிறகே டப்பாவை வாங்கிக்கொண்டார்.

மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினோம். வருகிறவர்கள் எல்லாரும் "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்கள். "மீனுங்க தூங்குது, சத்தம் போடாதீங்க" என்பார் அக்கா. துணியைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டிய ஒருவரை, "உங்க வாயைத் தொறந்து வச்சிட்டு டாக்டர் வெளிய போனா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டு உட்கார வைத்தார். துணியை எடுத்தபோது கோழை பாதிதான் போயிருந்தது. தண்ணீரில் மிதக்கும் மிச்சத்தைக் கொல்ல, புற ஊதா விளக்கு ஒன்றை நீர்ப்பாதையில் பொருத்தினேன். இனிச் செய்ய வேறொன்றும் இல்லை, காத்திருக்க வேண்டும். படித்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் வாரம் தாங்க முடியாமல் வாளியோடு போய் நின்றேன். அக்கா எழுந்துகூட வரவில்லை. ஒட்டியிருந்த சீட்டைப் பேனாவால் காட்டினார். "தண்ணி மாத்தணும்னு அதுல எழுதலையே கண்ணு. வாளிய வண்டியில வச்சிட்டு வந்து உக்காரு. டீ சொல்றேன்."

ஐந்தாம் வாரம் கண்ணாடியில் பச்சைப் பாசி மெல்லப் படிந்தது. வேறு சமயமாக இருந்தால் உடனே துடைத்திருப்பேன். அன்று அதைக் கண்டு கண் கலங்கியது. நல்ல உயிர்கள் திரும்பிவிட்டன. இரண்டு பவளங்கள் செத்துவிட்டன, அவற்றை என்னால் மீட்க முடியவில்லை. மிச்சமிருந்தவை ஒரு பிற்பகலில் விரல்களை நீட்டின. டாக்டர் நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வந்து, அக்காவின் மேசை அருகே நின்று பார்த்துவிட்டுப் போனார். சோபாவைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது நகரத்தில் பதினோரு தொட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எந்த வீட்டுக்குப் போனாலும் சோதனைக் குழாயை எடுப்பதற்கு முன், தீனி போடுகிறவர் யார் என்று கேட்டு, அவரிடம் உட்கார்ந்து பேசுகிறேன். பெரும்பாலும் அது சமையல் செய்கிற அக்காவாகவோ வாட்ச்மேனாகவோ இருக்கும். தொட்டிக்காரர்கள் அறியாத பல விஷயங்களை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

போன வருடம் அக்கா கடலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனார். அவருடைய கடைசி நாளில் நான் கிளினிக்கில்தான் இருந்தேன். புதிதாக வந்த பெண்ணுக்கு நாட்குறிப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டு, தொட்டியின் பக்கவாட்டில் இருந்த சீட்டை நகத்தால் மெதுவாகப் பெயர்த்தார். உப்புநீர் தெளித்து ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. அந்தப் பெண் பதறிப்போய், "அக்கா, அது இல்லாம நான் எவ்ளோ போடறது?" என்று கேட்டாள்.

"உள்ள போய் டாக்டரக் கேளு. உன் பேர் போட்டு எழுதித் தருவார்" என்றார் அக்கா. சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.