லவோன் காதில் விழுந்தது

லவோன் ஃபைஸ்டுக்கு இடது காது போய்ப் பல வருடமாகிறது. வலது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும். வெடிச் சத்தத்தின் முழு அறையையும் வாங்குவது அதுதான். வடக்கு டகோட்டாவில் அவள் ஊரில் பாதிப் பேருக்கு இதே கதை என்பதால் யாரும் இதை நோயாகக் கருதுவதில்லை. வயசு, காற்று, டிராக்டர் என்று எதன் தலையிலாவது பழியைக் கட்டிவிட்டு, கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்வார்கள்.

பகலில் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுவது அவள் பிழைப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் ஊர்ச் சுடுகழகத்தில் களிமண் தட்டு சுடுவதற்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினாள். கணவன் கிளெம் இறந்த பிறகு அவனுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுபோய், அவன் நின்ற வரிசையில் நின்றாள். கிளெமின் தம்பி விர்ஜிலுக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. துப்பாக்கி ரத்த உறவுக்கு வரவேண்டியது என்பது அவன் கட்சி. தோள்பட்டை அறுவைக்குப் பிறகு அவனால் சுடவும் முடியவில்லை. வரிசைக்குப் பின்னால் இருக்கும் உயர நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தும் வேலை அவனுக்கு வந்து சேர்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து வாரா வாரம் அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

களத்தில் ஐந்து பேர் ஐந்து நிலைகளில் வரிசையாக நின்று, சில தட்டுகளுக்கு ஒருமுறை அடுத்த நிலைக்கு நகர்வார்கள். எதிரே பாதி மண்ணில் புதைந்த சிமெண்ட் அறை. சுடுகிறவர் "விடு" என்றதும் நாற்காலிக்காரர் பட்டனை அழுத்த, அறைக்குள் இருக்கும் இயந்திரம் ஒரு தட்டை வானத்தில் எறியும். தவறவிட்டால் நாற்காலியிலிருந்து "போச்சு" என்று குரல் வரும். இயந்திரம் சிக்கி, உள்ளே தட்டு அடுக்கும் ஆள் வெளியே வரவேண்டுமானால் முதலில் சிவப்புக் கொடியை நீட்டுவார். நாற்காலிக்காரர் "நிறுத்து" என்பார். ஐந்து துப்பாக்கியும் அந்த நொடியே குழல் மடிந்து திறந்தாக வேண்டும்; திறந்த துப்பாக்கி சுடாது. வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் கேலியோடு போகும். இதை மீறியவர் திரும்ப வரிசைக்கு வர முடியாது.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழன். கொடிக்கம்பு அதற்கு முந்தைய வாரக் காற்றில் முறிந்துபோய், மாற்ற வேண்டிய விர்ஜில் மாற்றாமல் விட்டிருந்தான். இயந்திரம் சிக்கியது. தட்டு அடுக்கும் எல்டன் கொடி இல்லாமலே வெளியே ஏறினான். லவோன் தோளில் துப்பாக்கியை ஏற்றி "விடு" என்றாள். தட்டு வரவில்லை. குழலுக்கு நேர் கீழே எல்டனின் பச்சைத் தொப்பி வந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

"நான் நிறுத்துன்னு கத்தினேன்," என்றான் விர்ஜில், நாற்காலியிலிருந்து இறங்காமலே.

"ஆமா, எனக்குக் கேட்டுச்சு," என்றான் பக்கத்தில் நின்ற வென்டலின். விர்ஜில் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் ரகம் அவன்.

எல்டன் தொப்பியைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். "இது உனக்குத் தட்டு மாதிரியா தெரிஞ்சுது லவோன்? நான் வேணா 'விடு'ன்னு சொல்லிட்டு வெளிய வரட்டுமா இனிமே?"

எனக்குக் கேட்கவில்லை என்று லவோன் சொன்னால் அதுவே ஒப்புதல். கத்தவே இல்லை என்று சொல்ல, கேட்கும் காது வேண்டும்.

கழகத் தலைவர் ஆம்ப்ரோஸ் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "அடுத்த வியாழன் வரைக்கும் டயம். சுட்டுக்கிட்டு இருக்கறப்ப, சாதாரணக் குரல்ல நிறுத்துன்னு சொல்லுவோம். எப்பன்னு சொல்ல மாட்டோம். துப்பாக்கி திறந்தா நிக்கலாம். திறக்கலேன்னா அன்னியோட சரி."

விர்ஜில் இப்போது இறங்கி வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. செவிடா இருக்கறது குத்தமில்ல. கையில துப்பாக்கியோட செவிடா இருக்கறதுதான் குத்தம். என்கிட்ட குடுத்துடுங்க, பத்திரமா வச்சுக்கறேன்."

"உங்கண்ணன் இருந்தப்ப உன்கிட்ட குடுத்த ஒரு சாமான் பத்திரமாத் திரும்பி வந்துச்சான்னு சொல்லு. அப்புறம் பேசலாம்."

அதுவரை அவள் காதில் திணித்துவந்தது நுரைப் பஞ்சு உருளை. வெடியைத் தடுக்கும், பேச்சையும் சேர்த்துத் தடுக்கும். காதை மொத்தமாக மூடும் பெரிய மூடியைப் போட்டால், துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைக்கும்போது விளிம்பு இடித்து மூடி நகரும். காதுக்குள்ளேயே உட்கார்ந்து, பேச்சை உள்ளே விட்டு வெடியை மட்டும் வெட்டும் மின்னணு அடைப்பான்தான் ஒரே வழி. சனிக்கிழமை பிஸ்மார்க் நகரில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனாள்.

விற்பனையாளன் ப்ரென்ட், கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். "இதுதாம்மா டாப். சத்தத்தை எவ்வளவு குறைக்கும்னு மேலயே எண் போட்டிருக்கு பாருங்க. பெரிய எண்."

"அந்த எண் யார் காதை அளந்து போட்டது?"

ப்ரென்ட் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். அங்கே பதில் இல்லை.

மூன்று அளவில் ரப்பர் முனைகள் இருந்தன. ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதின் நுனியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அடைப்பானைச் செருகினாள். வலது காதுக்கு நடு அளவு சரி. இடது காதில் அதே அளவு நிற்கவில்லை, சின்னது நின்றது. பிறகு பையிலிருந்து சூரியகாந்தி விதையை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"இங்க சாப்பிடக் கூடாதும்மா."

"நான் சாப்பிடல. தாடை அசைஞ்சா கழலுதான்னு பாக்கறேன். எங்க ஊர்ல விதை மெல்லாம யாரும் சுட மாட்டாங்க."

கழலவில்லை. அடுத்து அவனைத் தன் காதருகில் கை தட்டச் சொன்னாள். தட்டிய கையோடு ஏதாவது பேசவும் சொன்னாள். அவன் தட்டினான், உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் குரல் திரும்பியது.

"இது வெடி கேட்டதும் கடையைச் சாத்திடுது," என்றாள். "எனக்குப் பக்கத்து ஆள் சுட்ட மறுகணம் ஒருத்தன் குரல் கேக்கணும். வேற எடு."

இரண்டாவது ஜோடியில் தட்டல் அமுங்கி வந்தது, பேச்சு அறுபடாமல் வந்தது. ப்ரென்டின் முகம் மலர்ந்தது. அவளோ, வாசலுக்கு வா என்று அவனை வெளியே இழுத்துப் போனாள். கார் நிறுத்துமிடத்தில் சமவெளிக் காற்று வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஜோடிக்குள் காற்று, கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரிப் பொரிந்தது.

"இதை டகோட்டாவுல விக்கறீங்களே, கூச்சமா இல்ல?"

"மத்தவங்க எல்லாம் உள்ளயே பாத்து வாங்கிட்டுப் போயிடுவாங்கம்மா," என்றான் அவன், தலைமுடியைப் பிடித்துக்கொண்டு.

மூன்றாவது ஜோடியில் ஒலிவாங்கி உள்ளடங்கி, மேலே காற்றைத் தடுக்கும் சின்னத் திரையோடு இருந்தது. காற்று மூச்சளவுக்குக் குறைந்தது. தட்டலுக்குப் பின்னும் பேச்சு வந்தது. பின்னால் தள்ளி நின்று பேசச் சொன்னாள். "இந்தம்மா இன்னிக்குள்ள வாங்குவாங்களா, தெரியல," என்று அவன் தனக்குள் முனகியதும் வந்தது.

"வாங்கறேன்," என்றாள்.

வியாழக்கிழமை வரிசையில் நின்றபோது யாரும் அவள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. புதுக் கொடிக்கம்பு வந்திருந்தது. எல்டன் அவளைத் தாண்டி சிமெண்ட் அறைக் குழிக்குள் இறங்கும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே போனான். அவள் காதில் இருந்ததைப் பார்த்து வென்டலின் சிரித்தான். "என்ன லவோன், காதுக்குப் பொட்டு வச்சிருக்க?"

அந்தக் களத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. சுடுகிறவர் காதை அடைத்துவிட்டால், பின்னால் இருப்பவர்கள் அவரைப் பற்றி அவர் முதுகுக்கே பேசலாம். அடைத்த காது சுவருக்குச் சமம். இயந்திரக் கோளாறும் மருமகள்களின் குறையும் அங்கேதான் அலசப்படும். லவோன் காதில் இருப்பது சுவர் இல்லை என்று நாற்காலியில் இருந்த விர்ஜிலுக்கும், இன்று சுடாமல் அவன் பக்கத்தில் நின்ற வென்டலினுக்கும் தோன்றவில்லை.

முதல் இரண்டு நிலைகளில் தட்டுகள் ஒழுங்காக உடைந்தன. மூன்றாம் நிலைக்கு அவள் நகர்ந்தபோது நாற்காலி நேர் பின்னால் வந்தது.

"எப்படா கூப்பிடப் போற?" என்றது வென்டலின் குரல்.

"அவ சுட்ட சத்தம் அடங்கறதுக்குள்ள. மெதுவா. ஆம்ப்ரோஸ் சாதாரணக் குரல்னு தானே சொன்னாரு."

அவள் முறை. "விடு" என்றாள். தட்டு பறந்து உடைந்தது. துப்பாக்கியைத் திறந்து அடுத்த தோட்டாவைப் போட்டாள்.

"போன வாரம் நீ கூப்பிட்டது நெஜமாவே எனக்குக் கேக்கலடா. உனக்காகத்தான் சொன்னேன்."

"எப்படிக் கேக்கும்? நான் கூப்பிட்டாத்தானே. தட்டு ஏன் வரலன்னு பட்டனையே அமுக்கிட்டு இருந்தேன். அந்தாள் தலையைப் பாத்தப்பறந்தான் கத்தணும்னே ஞாபகம் வந்துச்சு."

"விடு" என்றாள் லவோன். அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. குழல் தட்டுக்கு வெகுவாகப் பின்தங்கியது.

"போச்சு," என்றான் விர்ஜில் மகிழ்ச்சியோடு.

அடுத்த சுற்றில் மறுபடி சுட்டாள். வெடியின் வால் இன்னும் காற்றில் இருக்கும்போதே, தொண்டைக்குள்ளேயே சொன்னதுபோல் "நிறுத்து" என்று வந்தது. நான்கு பேர் கேட்காமல் நின்றார்கள். லவோனின் துப்பாக்கி மட்டும் திறந்தது. காலித் தோட்டா புல்லில் விழுந்தது, அடுத்ததை அவள் போடவில்லை.

ஆம்ப்ரோஸ் முதல் நிலையிலிருந்து திரும்பினார். "கூப்பிட்டாச்சா? எனக்கே கேக்கலியே."

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் லவோன். திறந்த துப்பாக்கியை முழங்கையில் போட்டுக்கொண்டு நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். "அதுக்கு முன்னாடி பேசினதும் கேட்டுச்சு. விர்ஜில், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

விர்ஜிலின் வாயில் மெல்லப்பட்ட விதை அப்படியே நின்றது. வென்டலின் தன் காலணியைப் பார்த்தான். அவளே சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்டன் புதுக் கொடியை நீட்டிவிட்டுக் குழியிலிருந்து ஏறி வந்து, கடைசிப் பாதியைக் கேட்டான்.

"வென்டலின்," என்றான் எல்டன். "பொய்னு சொல்லு பாப்போம்."

வென்டலின் நாற்காலியை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

விர்ஜில் நாற்காலியிலிருந்து இறங்கினான். அவன் தோற்ற முகத்தோடு இறங்கவில்லை. "சரி, நான் கூப்பிடல. ஆனா கூப்பிட்டிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமா அண்ணி? அந்தப் பஞ்சைத் திணிச்சுக்கிட்டு? இவங்க முன்னாடி சொல்லுங்க."

அந்த வாரம் முழுவதும் எடைமேடை ஜன்னலுக்குப் பின்னால் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"கேட்டிருக்காது," என்றாள். "என் காது கேக்காததுக்குக் கடையில மருந்து இருந்துச்சு, வாங்கிட்டேன். உன் வாய் கூப்பிடாததுக்கு எந்தக் கடையில என்ன விக்கறான்னு கேட்டுச் சொல்லு."

எல்டன் கொடிக்கம்பை நாற்காலியின் மேல் குறுக்கே வைத்தான். "இவன் இதுல உக்காந்தா நான் உள்ள எறங்க மாட்டேன். இவனும்தான்," என்று வென்டலினையும் காட்டினான். லவோனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. தனக்குக் கேட்டிருக்காது என்று அவள் ஒப்புக்கொண்டதை அவன் காதும் வாங்கியிருந்தது.

ஆம்ப்ரோஸ் தன் துப்பாக்கியை மரச் சட்டத்தில் சாத்திவிட்டு, கொடிக்கம்பை எடுத்து எல்டனிடம் கொடுத்து, தானே நாற்காலியில் ஏறினார். "நாலு பேர் சுடுங்க. லவோன், உன் இடத்துல நில்லு." அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவள் நின்றாள். மிச்சத் தட்டுகளில் இன்னொன்றும் போனது.

பிறகு கழகக் கூடத்தில் எல்லோரும் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். எண்ணெயில் பொரித்த இறைச்சி அப்பம் தட்டுத் தட்டாக வந்தது. அவள் உள்ளே வந்ததும் பேச்சு இறங்கியது. பாத்திரச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவளுக்கென்று யாரும் நாற்காலி இழுக்கவில்லை. அவளே ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள். காதில் இருந்ததை எடுக்கவில்லை. எடுக்கப் போவதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

மேசையின் மறுகோடியில் விர்ஜில், தலையைத் தூக்காமல், யாரிடமும் இல்லாத குரலில், "உப்பு," என்றான்.

உப்புக் குப்பி அவள் முழங்கையருகில் இருந்தது. அவளுக்கு நன்றாகவே கேட்டது. நகர்த்தவில்லை.