குறி பார்க்கும் போட்டி

என் கணவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் எனக்கு ஒரு அபாயாவும் வாசனைப் போத்தலும் இருந்தன. அவருக்கு ஒரு வட்டப் பலகை இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு பிரித்து, ஓரத்தில் இலக்கங்கள் போட்டு, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த பலகை. கூடவே வால் முளைத்த ஊசிகள். டார்ட்ஸ் என்றார். அங்கே அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் பழக்கிவிட்டாராம். இவ்வளவு தூரம் போய் மனிதர் ஊசி எறியப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அதை முன் மண்டபச் சுவரில் மாட்டினார். சுவர் என்னுடையது. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து சேருகிறவர். அதனால் ஆணி அடிக்க முன் என்னிடம் கேட்டார், நானும் ஓம் என்றேன். பலகையில் படாத ஊசி சாந்தைப் பெயர்க்கும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொஞ்சக் காலத்தில் என் சுவருக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

பொறுத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. வெளிநாடு போக முன் அவர் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் வேகப்பந்து வீச்சாளர். கட்டாரில் சாமான் ஏற்றி இறக்கி முதுகு நாரி போய்விட்டது. ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கழகத்தில் அவரைக் கைவிடாமல் ஆலோசகர் ஆக்கினார்கள். ஒருவரும் ஒரு நாளும் ஆலோசனை கேட்கவில்லை. மற்றவர்கள் பேர் எழுதிய ஜேர்சி போட்டு மைதானத்துக்குள் ஓடும்போது, இவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து அவர்களின் செருப்பையும் போனையும் பார்த்துக்கொள்வார்.

“புள்ள, நான் இப்ப பிளேயர் இல்ல, செருப்புக் காவல்காரன்” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டார்ட்ஸையும் விளையாட்டென்று கழகம் ஏற்றுக்கொண்டால் தானும் மறுபடி விளையாட்டு வீரர் ஆகலாம் என்பதுதான் அவருடைய திட்டம். மனிதருக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

பலகை எங்கள் வீட்டில் இருந்தபடியால் கழகத்தின் கூட்டமும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் குசினியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“மச்சான், விளையாட்டெண்டா வேர்க்கணும். இதுல ஆருக்கு வேர்க்குது?” என்றார் கழகச் செயலாளர். வங்கியில் வேலை செய்கிறவர், தன் குரலைத் தானே ரசிக்கிறவர்.

“கரம் போர்ட் அடிக்கிறமே, அதுல வேர்க்குதா?” என்று கேட்டார் என் கணவர்.

“கரம் வேற. அதுல பவுடர் இரிக்கி.”

பவுடருக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கூடியிருந்தவர்கள் பெரிய உண்மையைக் கேட்டதுபோல் தலையாட்டினார்கள்.

“அம்பயருக்கும்தான் நல்லா வேர்க்குது. அவரும் பிளேயரா?” என்றார் என் கணவர்.

“சும்மா கதைக்காதீங்க. விளையாட்டெண்டா ஓடணும், இல்லாட்டிப் பாயணும்.”

“எறிஞ்ச ஊசியப் புடுங்க நான் நடந்து போறன்தானே.”

“நடக்கிறது எக்ஸசைஸ், மச்சான்.”

நான் தேநீர்த் தட்டோடு வெளியே வந்தேன். “விளையாட்டெண்டு எழுதி இந்தப் பலகையக் கழகத்துக்குக் கொண்டு போங்க. இல்லாட்டி என்ட சுவரப் பூசித் தாங்க” என்றேன். சுவர் பூசும் பேச்சு வந்ததும் கூட்டம் இளகியது. கழகத்தின் விளையாட்டு விழாவில், தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்துக்கும் சங்கீதக் கதிரைக்கும் நடுவில் டார்ட்ஸுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். ஆனால் அது விளையாட்டு அல்ல, ‘களிப்பூட்டும் நிகழ்ச்சி’. அதில் சேருகிறவர் வீரர் அல்ல, ‘பங்குபற்றுநர்’. ஜேர்சியும் இல்லை. என் கணவர் சரி என்று சொன்னார். அவர் சரி என்று சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

செயலாளருக்கு இன்னொரு பிடிவாதம். எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பேர் வேண்டும். யோசித்து யோசித்து ‘குறி பார்த்து எறிதல்’ என்று வைத்தார். பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றி அறிவித்தவருக்கு அது நீளமாகப் பட்டிருக்க வேண்டும், வாலை வெட்டிவிட்டார். “பின்னேரம் குறி பார்க்கும் போட்டி நடைபெறும், தாய்மாரும் வந்து பயன்பெறலாம்” என்று எங்கள் தெருவால் ஓட்டோ போனபோது நான் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். கையிலிருந்த சாரம் கீழே விழுந்தது.

“இஞ்ச பாருங்க, என்ன சொல்லிக்கிட்டுப் போறான் எண்டு கேட்டீங்களா?”

“குறி பார்க்கிறதுதானே, சரியாத்தான் சொல்றான்” என்றார் ஊசியைக் கூராக்கிக்கொண்டே.

விழாவன்று கடற்கரை மைதானத்தில் அத்தனை பெண்களை நான் முன்பு கண்டதில்லை. கிரிக்கெட் பக்கம் ஒருவரும் இல்லை. எல்லோரும் பலகைக்கு முன்னால். மகனுக்கு விசா வருமா என்று கேட்க வந்தவர் ஒருவர், மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை நல்லவனா என்று கேட்க வந்தவர் ஒருவர். நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் எங்கள் தெரு அக்கா ஒருவர் முன்வரிசையைப் பிடித்திருந்தார்.

“தம்பி, என்ட சாவல் கோழி ரெண்டு நாளாக் காணல்ல. ஆரு புடிச்ச எண்டு பாருங்க.”

“லாத்தா, இது அந்தக் குறி இல்ல” என்றார் என் கணவர்.

“எந்தக் குறியெண்டாலும் பரவால்ல மனே. கள்ளன்ட பேரச் சொன்னாப் போதும்.”

அந்த நேரத்தில்தான் பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார்மார் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் பள்ளித் தலைவர், சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஹாஜியார். கூட்டம் விலகி வழி விட்டது.

“இஞ்ச ஆரு குறி பார்க்கிற?”

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கையைப் பாதி உயர்த்தினார்.

“குறி பார்க்கிறது ஹராமெண்டு தெரியாதா?”

என் கணவர் கையை இறக்கிக்கொண்டார். செயலாளர் பாய்ந்து முன்னால் வந்தார். கழகத்தின் மானம், தன் தமிழின் மானம், இரண்டும் போகிற நேரம். “ஹாஜியார், அல்லாஹ்வுக்காக, இது சுத்தமான விளையாட்டு” என்றார். “வெளிநாட்டில பெரிய பெரிய ஆக்கள் விளையாடுற. கரத்தை விடக் கஷ்டம். வேர்க்கும் ஹாஜியார், நல்லா வேர்க்கும். இவரப் பாருங்க.”

என் கணவர் பயத்தில் குளித்துவிட்டு வந்தவர்போல் நின்றார். கழுத்தால் ஓடியது. ஹாஜியார் நெருங்கிப் பார்த்தார். வேர்வை உண்மை.

“இவர் ஆரு?”

“எங்கட கழகத்து விளையாட்டு வீரர்” என்றார் செயலாளர்.

என் கணவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஹாஜியார் அதோடு போயிருக்கலாம். “எங்க, நான் ஒண்டு எறிஞ்சு பார்க்கட்டா?” என்றார். முதல் ஊசி மணலில் குத்தியது. அடுத்தது பலகைக்கு மேலே கட்டியிருந்த பதாகையில் செயலாளர் எழுதிய ‘குறி’யின் மேல் குத்தியது. பிறகு அவர் கை மணிக்கூட்டைக் கழற்றி ஒரு மரைக்காரிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார். மறுகா எறிந்தது பலகையில் நின்றது. முகம் மாறிவிட்டது. வீரரோடு தானும் ஒரு போட்டி போடவேண்டும் என்றார்.

போட்டி நடந்தது. வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே சிவப்புப் பொட்டில் குத்துகிற என் கணவர், அன்று பலகையின் ஓரத்தையே சுற்றிக்கொண்டிருந்தார். ஹாஜியார் வென்றார். வென்ற கையோடு தீர்ப்பும் சொன்னார். “இது விளையாட்டுத்தான். ஒரு பிழையுமில்ல. பேர மட்டும் மாத்துங்க.” சாவலைத் தொலைத்த லாத்தா ஏசிக்கொண்டே போனார்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் வந்து என் கணவரின் தோளில் தட்டினார். “மச்சான், நல்ல வேல செஞ்சீங்க. ஹாஜியாருக்கு விட்டுக் குடுத்தபடியால்தான் கழகம் தப்பின.”

“நான் விட்டுக் குடுக்கல்ல.”

“வெளங்குது, வெளங்குது” என்று செயலாளர் கண்ணைச் சிமிட்டினார்.

வழியில் கண்டவர்களும் அதையே சொன்னார்கள். கெட்டிக்காரன், ஆள் அறிந்து நடந்திருக்கிறான் என்றார்கள். என் கணவர் ஒவ்வொருவரிடமும் நின்று, இல்லை, தோற்றுத்தான் போனேன் என்று விளக்கினார். ஒருவரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோது கண் சிவந்திருந்தது.

“விட்டுக் குடுக்கிறதெண்டா அது மரியாதை, புள்ள. விளையாட்டில்ல. நான் உண்மையாத்தான் தோத்த. நீயாவது நம்பு.”

அவருடைய கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று கண்டவள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஊர் பார்க்க எறிகிற கை, நடுங்காமல் என்ன செய்யும்? அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

“ஓம், நான் பார்த்தன்தானே” என்றேன். “படுதோல்வி.”

அவர் முகம் மலர்ந்தது.