ராஜகிரிக்குப் பின்னால் ஒரு நாழிகை

தலைமையாசிரியரின் கைக்கடிகாரத்துக்கு வெள்ளை முகம், தோல் பட்டை, பட்டையில் ஐந்து துளை. மூன்றாவது துளையில் மாட்டுவார். அறுபதுகளில் செஞ்சிப் பள்ளியில் வேலை பார்த்த எங்கள் பதினோரு பேரில் கடிகாரம் கட்டியவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதுதான் மணி. அந்தக் கடிகாரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவரையும்தான்.

நான் தொண்டூர் நயினார் வீட்டுப் பிள்ளை. சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று ஒன்பது வயதில் கோயிலில் விரதம் ஏற்றேன். செஞ்சியில் குடியிருந்த எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. ஊருக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்பதால் சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் மறைந்து தெருவெல்லாம் நிழலாகிவிடும். ஆனால் உண்மையில் அஸ்தமிக்க இன்னும் ஒரு நாழிகை, அதாவது இருபத்துநான்கு நிமிடம், இருக்கும். அதற்குள் சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிடுவோம். பத்தொன்பது வருடம் ஒரு நாளும் நான் தவறியதில்லை.

ஒரு தை மாத விடுமுறையில் பதினோரு பேரும் வண்டி பிடித்துப் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக்குப் போனோம். திரும்பும் வழியில் பாறைகள் சூழ்ந்த ஓர் ஏரியையும் பார்ப்பதாகத் திட்டம். நான் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இருநூற்றுப் பன்னிரண்டு அலை எண்ணினேன், கூப்பிட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் வண்டிக்குள் விரலை நீட்டி எண்ணி, "பதினொண்ணு, சரி, எடுப்பா வண்டிய" என்றார். "பத்துதான் சார். தமிழாசிரியர் இன்னும் அலையில கால் நனைச்சிட்டு நிக்கிறாரு" என்றேன். வண்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "என் கணக்கயே திருத்துறீங்களா நயினாரே, இருக்கட்டும்" என்றார்.

ஏரிக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. கிழக்குக் கரையில், ஒரு பெரிய பாறையின் அடியில் இறங்கினோம். எதிர்க்கரையிலும் செங்குத்தாகப் பாறைகள், தண்ணீரில் அவற்றின் நிழல். சூரியனைக் காணோம். என் தூக்கில் ஆறு இட்லி இருந்தது. திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியர் தானாகவே வந்து கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து நாற்பது. "இப்பத்தான் பாறைக்குப் பின்னால பூந்துச்சு. நம்ம ராஜகிரி கணக்குதான், இன்னும் ஒரு நாழிகை இருக்குது. சாப்டுங்க" என்றார். எதிர்ப்பாறை ராஜகிரியில் கால்வாசி உயரம்கூட இல்லை என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பசி. அதோடு, பாறைக்குப் பின்னால் சூரியன் என்றால் ஒரு நாழிகை மிச்சம் என்பது செஞ்சிக்காரனுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆறையும் தின்றேன்.

பிறகு எல்லாரும் பாறைமேல் ஏறினோம். உச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே சூரியன் இல்லை; தூரத்து வீடுகளில் ஏழு விளக்கு எரிந்தது. "பொழுது எப்பவோ பூட்டுச்சே சார்" என்றார் டிரைவர், ஒன்றும் அறியாமல். தலைமையாசிரியர் கடிகாரத்தின் திருகை என் கண்முன்னாலேயே அரை மணி முன்னால் தள்ளி, சரியான மணிக்குத் திருப்பிவைத்தார். ஒன்பது பேர் சிரித்தார்கள். தமிழாசிரியர் மட்டும் குனிந்துகொண்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போன விரதம் திரும்பவில்லை.

இரண்டு வருடம் நான்கு மாதம் பொறுத்தேன். அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு அவலூர்பேட்டை, கல்யாணம் செஞ்சியிலேயே. முதல்நாள் சாயங்கால விருந்தில் எனக்காகவே முதல் பந்தியைப் பொழுதோடு போடச் சொல்லியிருந்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு என்று இப்போது தோன்றுகிறது. அப்போதும் தோன்றியது. மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்தில் என்னை உட்கார்த்தினார். பன்னிரண்டு வகை பரிமாறினார்கள். நான் இலையில் கை வைக்காமல் வாசல் வழியே ராஜகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்ததும் எழுந்தேன். பரிமாறிய இலையை விட்டு, கை நனைக்காமல், சம்பந்தி கண்ணெதிரே எழுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்க, சாப்பாட்டுல இன்னா குறை?" என்றார் சம்பந்தி. பந்தி அப்படியே நின்றது. தலைமையாசிரியர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "நயினாரே, இன்னும் ஒரு நாழிகை இருக்குதே, ராஜகிரி கணக்கு..."

"உங்க வாட்ச்லயா சார்?"

கையை விட்டுவிட்டார். கதவோரம் மணப்பெண் நின்று பார்த்தாள். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தெரிந்தேதான் வெளியே வந்தேன். என் வீடு நானூற்றெட்டு அடி தூரம். அந்த நாழிகை முடிவதற்குள் நான்கு தோசை சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அதன்பின் ஒன்றும் தின்றதில்லை.

தலைமையாசிரியர் போய்ப் பல வருடமாகிறது. எனக்கு எண்பத்தெட்டு. பேரன் வாங்கித் தந்த கடிகாரம் பெட்டியில் கிடக்கிறது, நான் கட்டுவதில்லை. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியதும் ஒன்றிலிருந்து ஆயிரத்து நானூற்று நாற்பது வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே சாப்பிடுகிறேன். சில நாள், அறுநூறு எழுநூறு வரும்போது அந்த வெள்ளை முகமும் மூன்றாவது துளையும் குறுக்கே வந்துவிடுகின்றன. எண்ணிக்கை தப்பிவிடுகிறது. பிறகு எவ்வளவு நேரம் மிச்சமென்று யாரை நம்பிக் கேட்பது? தட்டைத் தள்ளிவிடுகிறேன். "வெளிச்சம் இருக்குதே நைனா, சாப்டு" என்று மகன் கெஞ்சுகிறான்.

அப்படித் தள்ளிய தட்டு நேற்றோடு நூற்று முப்பத்தொன்று. எல்லாம் அவர் கணக்கில்தான்.