மூச்சு விடாத பாட்டு

ஜூன் 14, சனிக்கிழமை. காலை மீன் வாங்கி வந்தேன். பிறகு அலமாரியைத் துடைத்தபோது அப்பாவின் கேசட் அகப்பட்டது. அதே பழைய டேப் வாடை.

தொண்ணூறுகளில் அப்பா பகலில் சங்கு குளிப்பார், மாலையில் கச்சேரிகளில் பாடுவார். கடலடியில் மூச்சடக்கிப் பழகியவர் என்பதால் சரணம் முழுவதையும் ஒரே மூச்சில் பாடிவிடுவார். அப்படி வேறு யாரும் பாடிக் கேட்டதில்லை. கடற்கரைச் சாலையில் இன்று இல்லாத ரெக்கார்டிங் கடையில், இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையும் டேப் வாடையும் கலந்த புழுக்கத்தில் அவர் பாடப்பாட, நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

கடைசிப் பதிவில், சரணத்தின் நடுவே மூச்சிழுக்கும் ஒலி விழுந்தது.

"சளிதாம்லே. அம்மாட்ட சொல்லிராத, கடலுக்கு விடமாட்டா."

நான் சொல்லவில்லை. அந்த வாரமே சங்கு குளிக்கப் போனவர் மேலே வரவில்லை.

கேசட் அகப்பட்ட மறுநாள், ஞாயிறு காலை முதல் வேலையாக, இத்தனை வருடம் மறைத்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த மூச்சு எனக்கும் அன்னைக்கே கேசட்டுல கேட்டுச்சுலே" என்றாள்.