மில் சத்தத்தோடு ஒரு பாட்டு

பாட்டுப் பெட்டி வைத்துப் பிழைப்பவனுக்கு ஊசி, மெழுகு, ஜனங்களின் விரல் என்று மூன்று கவலைகள். முதல் இரண்டும் சொன்னபடி கேட்கும். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பெட்டியை வாங்கி, தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் வைத்தேன். இசைத்தட்டெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். பாட்டு டம்ளர் அளவு மெழுகு உருளையில்தான். நீங்களும் ஏதாவது ஒரு யந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்களானால் என் பாடு விளங்கும்.

தொடாமல் தூக்குவது

பாட்டு உருளையின் வெளிப்புறத்தில், மயிரிழைக் கோடுகளாக இருக்கிறது. அதனால் உள் ஓட்டையில் இரண்டு விரலை விட்டு, விரித்துத் தூக்க வேண்டும். சாவி கொடுத்து, ஓட்டம் நிதானப்பட்ட பிறகே ஊசியை இறக்க வேண்டும். இதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரு மளிகைக் கடைக்காரர் ஆசையாக ஓர் உருளையை எடுத்து, மேல்துண்டால் அழுத்தித் துடைத்தார். நாயனம் போய்க் கரகரப்பு மட்டும் மிஞ்சியது. எனக்குக் கத்த வராது. உருளையை வாங்கி வைத்தேன். அவர் சொன்னார்: "அழுக்கா கீதேன்னு தொடைச்சேன். இப்போ பளபளன்னு ஆச்சா இல்லியா, நீங்களே சொல்லுங்க!"

காதுக் குழாய்

புனல் மாட்டினால் சந்தை இரைச்சலில் பாட்டு அமுங்கிவிடும். ஆகவே ரப்பர் குழாய்களைக் காதில் செருகிக் கேட்க வைத்தேன். கேட்பவர்களுக்குத்தான் பாட்டு, சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. நகைச்சுவை உருளை போட்ட அன்று, குழாய் மாட்டியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீரை விற்கும் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை முறைத்தாள்: "இன்னாய்யா, கொழாய்ல கள்ளா உட்றே?"

முனியன் கேட்டது

முனியன் சுரங்கத்தில் பாறை துளைப்பவர், கூலிக்காரர் லைனில் வரிசை வீடு ஒன்றில் குடி. வெடியிலும் துளைப்பிலும் காது அடைத்துப் போய்ப் பல வருஷம். மகள் சின்னம்மா காதருகே கத்தினாலும் பாதிதான் விளங்கும். குழாயைச் செருகி ஊசியை இறக்கினேன். பாட்டு நேராகக் காதுக்குள் கேட்டதும் மனிதர் துள்ளி விழுந்தார். பாட்டு முடிந்தும் குழாயைக் கழற்றவில்லை.

சின்னம்மா புருஷனோடு நேட்டாலுக்குக் கப்பலேறப் போகிறாள், மறுநாள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் என்று அப்புறம் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கேட்காததால் எனக்கும் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, சந்தையே திரும்பக் கத்தினார்: "எம் பொண்ணு கொரலு இதுல நிக்குமா, அண்ணே?"

பிடித்த குரல்

என்னிடம் காலி உருளை ஒன்றே ஒன்று. அன்று ராத்திரி சந்தை கலைந்ததும், வெட்டும் ஊசியை மாட்டிச் சின்னம்மாவைப் புனல் முன் நிறுத்தினேன். வெட்கத்தில் தள்ளி நின்றே பாடினாள். பாடும் ஊசி மாட்டிக் கேட்டால், தொம் தொம் என்று இடி. அவள் குரலைத் தேட வேண்டியிருந்தது. தாதுக் கல் இடிக்கும் மில்! இரவு பகலாக அதன் பக்கத்திலேயே வாழ்கிற எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. யந்திரமோ மேஜை வழியாகவே வாங்கிவிட்டது.

பதிந்ததை அழிக்க மெழுகை ஒரு சுற்றுச் சீவினேன். இன்னொரு தடவை சீவினால் உடையும். பெட்டிக்கு அடியில் கம்பளிகளை மடித்துப் போட்டேன். "அம்மா, புனலுக்குள்ளேயே மூஞ்சிய வெச்சுக்கோ. நைனாவ கூப்புடுற மாதிரி பாடு" என்றேன். பாடினாள். குரல் மணியாக விழுந்தது. அடியில் அந்த இடியும் மெல்லத் தங்கிவிட்டது. எனக்கு அது உறுத்தியது.

ரயில் போன மறுநாள் முனியன் வந்தார். குழாயைச் செருகினேன். இடிக்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் திறப்பதற்குள் அவர் முகம் மலர்ந்தது: "மில்லு! இதைக் கேட்டு எத்தினி வருசமாச்சு! நம்ப லைன் ஊட்லயே குந்திகினு பாடுது எம் பொண்ணு!"

ஒரு கரகரப்பும் இருக்கக் கூடாது என்று ஆயுசெல்லாம் பாடுபட்டவனுக்கு, போக்க முடியாத இடிச் சத்தத்துக்காகத்தான் நற்சாட்சிப் பத்திரம் கிடைத்தது.