சம்பந்தியம்மா ஏறிய ரயில்

கொட்டகலை ஸ்டேஷனில், கேமராவுக்கு முன்னால், சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "ஓடுறதுக்கு வெறுங்காலுதாங்க தோது" என்றார். ஆயுசுக்கும் மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுத்த கால் அது.

அவருடைய மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது, எங்களை ஒரே முதியோர் இல்லத்தில், ஒரே அறையில் விட்டுப் போனார்கள். ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையாக இருப்போம் என்று நினைத்தார்கள் போல. சம்பந்தியோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? பேர் சொல்லக்கூடாது, மரியாதை குறையக்கூடாது, மேலே கை படக்கூடாது. "உங்க மகன் பேசி எத்தன நாளாச்சுங்க?" என்று கேட்பேன். "உங்க மக ஃபோன அவன் கையில குடுத்தாத்தானேங்க" என்பார்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வட்டவளைத் தோட்டத்தில் அவருடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இவருக்கு ஒரே பேச்சு. மகன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் இல்லத்தை நடத்தும் அம்மா வெளியே விடுவார். சொல்லாமல் போனால் கட்டில் வேறு ஆளுக்குப் போய்விடும். மருமகனோ அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்றே தள்ளிக்கொண்டிருந்தார். ரயில் சத்தம் கேட்டால் சம்பந்தியம்மா ஜன்னலுக்குப் போவார், வருவார், மறுபடியும் போவார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

அந்த நேரத்தில்தான் படிக்கிற பிள்ளைகள் சிலர் குறும்படம் எடுக்க வந்தார்கள். இல்லத்துக் கிழவிகள் செய்யும் சேட்டைதான் கதை. சீனிப் போத்தலைத் திருடுவது, இல்லத்து அம்மாவின் கண்ணாடியை ஒளித்து வைப்பது, கடைசியில் இரண்டு கிழவிகள் ரயிலேறித் தப்பிப்பது. அந்த இரண்டு பேராக எங்களைப் பிடித்தார்கள். ஸ்டேஷனுக்கு இல்லத்து அம்மாவும் காவலுக்குக் கூட வந்தார். "வரிசையா வராதீங்க பாட்டி, பதுங்கிப் பதுங்கி வாங்க" என்று அந்தப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். எங்களுக்கு அது வரவில்லை. விசில் கேட்டதும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல நேராக நின்றுவிட்டோம்.

ரயில் வந்தது. ஏறி, வாசலில் நின்று கைகாட்டிவிட்டு, உடனே இறங்கிவிட வேண்டும். ஏறிய பிறகுதான் சம்பந்தியம்மாவின் பையைக் கவனித்தேன். படத்துக்காகக் கொடுத்த பை கனத்துத் தொங்கியது. உள்ளே அவருடைய நல்ல சேலையும் பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன.

"வேணாங்க, எறங்குங்க. நம்ம கட்டிலு போயிரும்."

"நீங்க எறங்குங்க. நான் அக்காவப் பாக்கப் போறேன்."

கையைப் பிடித்து இழுத்திருந்தால் இறங்கியிருப்பார். சம்பந்தியைக் கையைப் பிடித்து இழுத்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். இடுப்புச் சேலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. நாங்கள் நன்றாக நடிக்கிறோம் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். இல்லத்து அம்மாதான் முதலில் கத்தினார்.

வட்டவளையில், லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் அக்கா கிடந்தார். கண் தெரியவில்லை. தங்கச்சியின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளா எங்கடி மேஞ்ச?" என்று ஏசினார். சம்பந்தியம்மா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டினார். ஓரிடத்தில் தரிக்காத அந்தக் கால் அன்றைக்குச் சம்மணம் போட்டபடி அசையவே இல்லை.

அந்தியில் இல்லத்து அம்மா வேன் பிடித்து வந்துவிட்டார். "யாரு யோசனை இது?" என்றார். சம்பந்தியம்மா கூசாமல் என்னைக் காட்டினார். "இவங்கதாங்க. நான் பயந்துட்டு நின்னேன், இடுப்பப் புடிச்சு ஏத்திவிட்டாங்க." இல்லத்து அம்மா படுக்கையில் கிடந்தவரைப் பார்த்தார். அதன் பிறகு கட்டிலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று மறுநாள் கேட்டேன்.

"தனியா போனா ஓடிப்போனவம்பாங்க. சம்பந்தியோட போனா சொந்தம் பாக்கப் போனதுங்க."

அக்கா அந்த மாதமே போய்விட்டார். போன மழைக்காலத்தில் சம்பந்தியம்மாவும் போய்விட்டார். எனக்கு இப்போது உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். "என்னா துணிச்சல் பாட்டி உங்களுக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் இத்தனை நாள் தலையை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன்.

போதும். படத்தில் தெரிகிற என் கை அவரை ஏற்றிவிடவில்லை. இழுத்தது.