அரை அங்குலம் அகலமான டயர்

அன்று டயர் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் அறைத்தோழன், கடைக்கார பாய். வராதவர்கள் இரண்டு. ஒன்று என் அம்மா. அவர் போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தார். நாங்கள் டயர் வாங்குவதே அவருக்குத் தெரியாது. இன்னொன்று வண்டி. டயர் வாங்கப் போகும்போது வண்டியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றாத அளவுக்கு நாங்கள் இரண்டு பேரும் படித்திருந்தோம்.

எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரி என்றால் பச்சைச் சீட்டு, இல்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். தோழன் அதே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன், திருநெல்வேலிக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் பெங்களூர்ப் பக்கமிருந்து பெட்டி கட்டிய பெரிய பைக்குகள் வரிசையாக வரும். ஓட்டுகிறவர்கள் முட்டிக்குக் கவசம், கைக்கு உறை எல்லாம் போட்டிருப்பார்கள். எங்கே போகிறார்கள், யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிப்பேன். யாரையும் பார்க்க இல்லை, சும்மா போகிறார்கள் என்று தோழன்தான் சொன்னான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்த ஆசையில்தான் பழைய முந்நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றைப் பாதிக்குப் பாதி போட்டு வாங்கினோம். விற்றவர் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர்காரர். இரும்பு கேரியர், பக்கப் பெட்டிகள் எல்லாம் பொருத்தி, தூரப் பயணத்துக்கென்றே அதை மாற்றி வைத்திருந்தார். டயர் இரண்டும் மட்டும் மொட்டை.

ஆயுத பூஜையோடு சேர்த்துத் தொழிற்சாலைக்கு நான்கு நாள் விடுமுறை. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஷிஃப்ட் இல்லாத நாட்கள் வருடத்தில் அவை மட்டும்தான். தை மாதம் தோழனுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு அவன் நான்கு நாள் என்னோடு வரமாட்டான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் விஜயதசமி விடியலில் கிளம்பி, ஹாசன் வழியாக, சக்லேஷ்பூர் மலையில் இறங்கி, மங்களூர்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தோம்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"எதுக்குடா போறீங்க?"

"சும்மாதாம்மா."

"அங்க யாரு இருக்காங்க?"

பேச்சை மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் காரணம் இல்லாமல் பயணம் போனது கிடையாது. கல்யாணம், சாவு, கோவில், கூலிவேலை, ஆஸ்பத்திரி. இதில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் பஸ் ஏறுவார்கள். பக்கத்து வீட்டில் கேட்டபோது அம்மா, "கம்பெனி வேலையா மங்களூர் அனுப்பறாங்களாம்" என்று சொல்லிவிட்டாராம். வேறு என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அது தெரிந்த பிறகு இந்தப் பயணத்தை எப்படியும் போய்வந்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது.

மலைப்பாதையைப் பற்றி டீக்கடையில் லாரி டிரைவர்களைக் கேட்டோம். "ரோடா அது? ஏரி. மழ வேற இப்பதான் நின்னுகீது" என்றார் ஒருவர். அப்படியானால் தாரில் ஒரு நாள் முழுக்க, சேற்றில் அரை நாள். தாருக்கான டயர் சேற்றில் வழுக்கும். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயர் சேற்றைக் கவ்வும். ஆனால் தாரில் உறுமிக்கொண்டே ஓடிச் சீக்கிரம் தேயும். இதைப் பற்றி அறையில் ஒரு மாதம் பேசினோம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு பாய் கடைக்குப் போனோம்.

"வண்டி எங்க தம்பி?" என்றுதான் பாய் முதலில் கேட்டார்.

"மெக்கானிக் கிட்ட இருக்குது பாய். செயின் மாத்தறாரு."

"கொண்டாந்துருந்தா ஒரு பார்வ பாத்துரலாமே."

"சைஸ் எங்களுக்குத் தெரியும் பாய்" என்று சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதையும் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன். தொழிற்சாலையில் சப்ளையருக்கு மார்க் போடுவதைப் போலவே டயருக்கும் ஒரு படிவம் தயாரித்திருந்தேன். பட்டன் ஆழம், பட்டன் இடைவெளி, அகலம், ரப்பரின் கடினம், தயாரான வாரம், விலை. தோழன் பிடிவாதம் பிடித்ததால் கடைசியில் "கெத்து" என்று ஒரு கட்டம். அதற்கும் பத்து மார்க்.

முன் டயர் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பின் டயருக்குத்தான் பாய் ஐந்து டயர்களை இறக்கி உருட்டிவிட வேண்டியிருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய என் சொந்த வெர்னியர் அளவுகோலை விரித்து ஒவ்வொரு பட்டனையும் மூன்று இடத்தில் அளந்தேன். தோழன் எழுதிக்கொண்டான். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் அச்சடித்திருந்த நான்கு எண்களைப் படித்து, எந்த வருடம் எத்தனையாவது வாரம் செய்தது என்று சொன்னேன்.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தன கேள்வி கேக்கல தம்பி."

"பொண்ணப் பொறவு மாத்த முடியாதுல்லா பாய், டயர மாத்திக்கிடலாம்" என்றான் தோழன்.

"அதெல்லாம் இல்ல. மாட்டிட்டா டயரும் அப்டிதான். திரும்ப எடுக்கறதில்ல."

கூட்டிப் பார்த்தோம். நான்கு அங்குல அகலமான பட்டன் டயருக்கு எண்பத்தொன்று. பட்டன்கள் கொஞ்சம் நெருக்கமாக, தாருக்கும் சேற்றுக்கும் நடுவில் நிற்கிற மூன்றரை அங்குல டயருக்கு எழுபத்தொன்பது. கெத்தில் மட்டும் முதலாவது பத்துக்குப் பத்து, இரண்டாவது ஆறு.

"இது நாலு இஞ்சு. உங்க வண்டிக்கு வர்றது மூணர" என்றார் பாய்.

"அர இஞ்சுதான பாய்? அகலமா இருந்தா புடிப்பு அதிகம்."

பூஜைக்கு முந்தின நாள், கடையில் கூட்டம். பாய் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கு முந்தின வாரம்தான், ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு அதிகம் என்று ஒரு பெட்டிப் பாகங்களை முழுதாகத் திருப்பி அனுப்பியிருந்தேன். அந்த நான்தான் அரை அங்குலத்தை "தான" என்று சொல்லிவிட்டு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலையில் மெஷின்களுக்குப் பூஜை. பொரி, கடலை, இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தோம். அங்கே தோழன் தனியாக ஒரு பூஜை போட்டான். மேசைமேல் வாழையிலை விரித்து, என் வெர்னியர், அவனுடைய ஸ்க்ரூடிரைவர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது.

பகல் ஒரு மணிக்கு மெக்கானிக்கிடம் போனோம். அவருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். "சார், அஞ்சு மணிக்கு ஸ்பேனரெல்லாம் கழுவி பூஜைக்கு வெச்சுடுவேன். அப்பறம் நாளைக்குப் பத்து மணிக்கு மேலதான் தொடுவேன். சாமி வந்து கேட்டாலும் தொட மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் விடியலில் கிளம்ப வேண்டியவர்கள். நான்கு நாளில் பாதி நாள் போனாலும் கடலுக்குப் போய்த் திரும்ப முடியாது.

முன் டயர் அழகாக உட்கார்ந்தது. பின் டயரை மாட்டி, காற்றடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றினார். கரகரவென்று செயின் கவரில் உரசி நின்றது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "ஆகல்ல சார்" என்றார்.

"கவர அறுத்துத் தூக்கிப் போடுங்க அண்ணாச்சி" என்றான் தோழன்.

"கவர அறுத்தா செயின் டயர அறுக்கும். நீங்க மலையில நிப்பீங்க. ஆகல்ல, ஆகல்ல."

மணி இரண்டேகால். நான் ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்னால் மண்டியிட்டு, டயர் சுற்றும் இடைவெளியை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒரு மாதம் டயரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். டயர் உட்காரும் இடத்தை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கண் கலங்கியதா என்று கேட்டால், இல்லை. காது மட்டும் சூடாக இருந்தது. பக்கத்து வீட்டில் அம்மா சொல்லி வைத்ததுதான் ஞாபகம் வந்தது.

"அளந்து பாத்துடலாம். ரூமுக்குப் போயி வெர்னியர எடுத்துகினு வா" என்றேன்.

"ஏல, பூஜையில இருக்கத எடுக்கச் சொல்லுத? வெளங்குமா? மலையில போற வண்டி பாத்துக்கோ."

அவன் அசையவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். காலை வாங்கிய இனிப்புப் பெட்டியை மெக்கானிக்குக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தோம். லட்டுகளை மெக்கானிக்கின் பூஜைத் தட்டில் கொட்டிவிட்டு, அட்டையை எடுத்தேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். செயின் கவரிலிருந்து மறுபக்கத்துப் பிரேக் கம்பிவரை உள்ள இடத்தை அட்டையில் குறித்து, இரண்டு பக்கமும் சிறிது இடம் விட்டு, காற்றடித்தால் பிதுங்கும் என்று இன்னும் கொஞ்சம் குறைத்து, 'ப' வடிவத்தில் வெட்டினேன். தொழிற்சாலையில் இப்படி ஒன்றை இரும்பில் செய்து, கேஜ் என்று வைத்திருப்போம். உள்ளே நுழைந்தால் பாகம் சரி, நுழையாவிட்டால் சிவப்புச் சீட்டு. இது நெய் வாசனையடிக்கும் கேஜ்.

டயரோடு டவுன் பஸ் ஏறினோம். பஸ் முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும். கண்டக்டர் டயருக்கும் டிக்கெட் கிழித்தார்.

"பூசணிக்காய்க்கு டிக்கெட் இல்ல, டயருக்கு மட்டும் எதுக்குங்க?" என்றேன்.

"பூசணிக்கா உருண்டு போயி யாரு காலயாச்சும் கருப்பாக்குதா? புடி, புடி."

எங்களைப் பார்த்ததும் பாய் சிரித்தார். "பொண்ணு பொறந்த வீட்டுக்கே வந்துட்டாளா?"

டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது டயரின் மேல் நிற்கும் மெல்லிய ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன. செயின் பக்கம் மட்டும் ஒரு வரிசை உதிர்ந்திருந்தது. "தேன்கனிக்கோட்டையிலேருந்து ஒரு பால்காரர் வருவாரு. கேன் கட்டறதுக்கு செயின் கவரயே கழட்டிட்டு, சக்கரத்த நகத்தி வெச்சு ஓட்றாரு. அவரு எடுத்துக்குவாரு. உங்க காசுல எரநூத்தம்பது புடிச்சுக்கறேன். சம்மதமா?"

சம்மதம் என்றோம். பிறகு நான் அட்டையை எடுத்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு டயராக நிறுத்தி, மேலிருந்து 'ப'வை இறக்கினேன். முதலாவது சிக்கிக்கொண்டது. இரண்டாவதும். எழுபத்தொன்பது மார்க் டயரில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பாஸ்!" என்று கத்தினான் தோழன்.

"கெத்து ஆறுதான?" என்றேன்.

"போதும்ல, வண்டி ஓடுனாலே கெத்துதான்."

பாய் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். "இனிமே உங்கள மாரி வண்டி இல்லாம வர்றவங்களுக்கு ஆவும்."

ஆட்டோ பிடித்து மெக்கானிக் கடைக்குத் திரும்பும்போது ஐந்தாகப் பத்து நிமிடம். ஸ்பேனர்களெல்லாம் கழுவித் துடைத்து, வரிசையாகத் துணியில் கிடந்தன. பொட்டு வைத்தாகிவிட்டது. மெக்கானிக் ஸ்டூலுக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய மூன்று ஸ்பேனரையும் இரண்டு டயர் லீவரையும் எடுத்தார்.

"இத மட்டும் கழுவல சார். வருவீங்கன்னு தெரியும்."

சக்கரத்தைச் சுற்றினார். இந்தத் தடவை சத்தமே இல்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்த ஸ்பேனர்களையும் கழுவி வைத்து, வண்டிக்கும் மாலை போட்டார். இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்து வண்டியை முன்னால் உருட்டினோம். பின் சக்கரம் ஏறிய பழத்தின் தோலில் மூன்று பட்டன் தெளிவாகப் பதிந்திருந்தது.

இருட்டுவதற்குள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"காலைல கெளம்பறோம்மா. டயரெல்லாம் மாத்தியாச்சு."

"அங்க யாருடா இருக்காங்கன்னு கேட்டனே, சொல்லவே இல்லயே."

"யாரும் இல்லம்மா. கடல் இருக்குது. பாத்துட்டு வந்துடுவோம்."

பின்னணியில் அம்மா யாரிடமோ, "கம்பெனி வேல இல்லயாமா. கடலப் பாக்கவே போறானாம்" என்று சொல்வது கேட்டது. யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

"போறது போற, ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணி புடிச்சிகினு வா. நெசமாவே உப்பாதான் இருக்குதான்னு பாக்கறேன்."

"சரிம்மா."

"அந்த டயருக்கு கம்பெனி காசு குடுக்கலயா அப்ப?"

"இல்லம்மா. எங்க காசுதான்."

"எவ்ளோ ஆச்சு?"

குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். தோழன் பக்கத்தில் நின்று குறைக்க வேண்டாம் என்று தலையாட்டினான். டயர், டியூப், பாய் பிடித்துக்கொண்டது, இரண்டு தடவை மாட்டிய கூலி, ஆட்டோ, டயருக்கு வாங்கிய பஸ் டிக்கெட், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன்.

"மூவாயிரத்து நூத்தித் தொண்ணூறு ரூபாம்மா."